முதல் கருத்தடை நிலையம் திறந்த கணக்கு வாத்தியார்



நம்ம குழுக் கூட்டத்துல சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாத்தையும் வாய் விட்டுப் பேசுறோம். ஆனா சில பேச்சு வந்தா மட்டும் குரல் தணிஞ்சு போகும். நாள் தள்ளிப் போனது, கரு நிக்காதது, கலைஞ்சு போனது, அடுத்த பிள்ளை இப்ப வேண்டாம்னு நினைக்கிறது, இதெல்லாம் கூட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது காதோட காதா பேசுற பேச்சு. அப்படியே பேசுறதால உண்மையும் பொய்யும் கலந்து ஊர் சுத்துது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பேச்சை வெளிச்சத்துல வச்சுப் பேசணும்னு ஒருத்தர் கிளம்பினார். அதனால அவருக்கு வேலை போச்சு. கோர்ட்டுல நின்னார். அபராதம் கட்டினார். ஆனா சாகுற வரைக்கும் நிறுத்தல. அவர் டாக்டரும் இல்ல, அரசியல்வாதியும் இல்ல. காலேஜ்ல கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். பேர் ரகுநாத் தோண்டோ கர்வே. மகாராஷ்டிராவில் நல்லாத் தெரிஞ்ச பேர். அவர் வாழ்க்கையைப் பத்தி சினிமாவே வந்திருக்கு. நம்ம பக்கம் அவ்வளவா தெரியாததால இந்த மலரில் எழுதுறேன்.

தாயை இழந்த பிள்ளை

கர்வே 1882-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி கொங்கணக் கடற்கரையில முருட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோண்டோ கேசவ் கர்வே. அம்மா ராதாபாய். ரகுநாத்துக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, 1891-இல், அம்மா பிரசவத்தில் இறந்து போனார்.

அந்தக் காலத்துல இது ஊருக்கு ஊர் நடந்த கதை. விளையாடுற வயசுல கல்யாணம், உடம்பு முத்துறதுக்கு முன்னாடியே கர்ப்பம், மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த கர்ப்பம். பிள்ளை கொடுக்கிறது சாமி, அதுல மனுஷர் செய்ய ஒண்ணும் இல்லைன்னு நினைச்சாங்க.

இன்னைக்கும் ஒரு தப்பான நினைப்பு இருக்கு. பொண்ணு ஆளாயிட்டா பிள்ளை பெத்துக்க உடம்பு தயார்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது சரியில்ல. ஆளாகிறது உடம்பு மாற ஆரம்பிக்கிறதுக்கு அடையாளம், அவ்வளவுதான். அதுக்கப்புறமும் சில வருஷம் இடுப்பெலும்பு வளர்ந்துகிட்டே இருக்கும். 18 வயசுக்குள்ள கர்ப்பம் ஆனா ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, ஜன்னி, பிரசவத்துல பிள்ளை வெளிய வர முடியாம சிக்கிக்கிறது, எடை குறைஞ்ச பிள்ளை இதெல்லாம் அதிகமா வரும். 18 வயசுக்குள்ள கல்யாணம் செஞ்சு வைக்கிறது சட்டப்படி குத்தமும்தான். ஒரு பிரசவம் முடிஞ்சா, அடுத்த கர்ப்பத்துக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி விடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

ஊர் ஒதுக்கிய குடும்பம்

அம்மா போன ரெண்டு வருஷத்துல, 1893-இல், அப்பா மறுமணம் செஞ்சுகிட்டார். மணந்தது ஒரு விதவைப் பெண்ணை. அந்தக் காலத்துல அவங்க சாதியில இது பெரிய குத்தம். முருட் ஊர் அந்தக் குடும்பத்தையே ஒதுக்கி வச்சுது. அப்பா அதுக்குப் பயப்படல. விதவைப் பெண்களுக்கு இல்லம் நடத்தினார், படிக்க வச்சார், 1916-இல் பெண்களுக்குன்னே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். 1958-இல் அவருக்கு 100 வயசானப்ப பாரத ரத்னா விருது கிடைச்சுது. மகரிஷி கர்வேன்னு புத்தகங்களில் படிச்சிருப்பீங்க. அவரோட மூத்த மகன்தான் நம்ம வாத்தியார்.

ரகுநாத் படிப்புல கெட்டிக்காரர். 1899-இல் மெட்ரிக் பரீட்சையில முதலாவதா வந்தார். புனா ஃபெர்குசன் காலேஜ்ல 1904-இல் பி.ஏ. முடிச்சார். அப்புறம் பம்பாய் வில்சன் காலேஜ்ல கணக்குப் பேராசிரியர் ஆனார். நல்ல வேலை, நல்ல மரியாதை. பேசாம இருந்திருந்தா நிம்மதியா பென்ஷன் வாங்கிட்டுப் போயிருக்கலாம்.

1921: பம்பாயில் ஒரு புது நிலையம்

ஆனா அவர் பேசாம இருக்கல. 1921-இல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒண்ணைத் தன் சொந்த முயற்சியில திறந்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல். லண்டன்ல இப்படி ஒரு நிலையம் முதன்முதலா திறந்ததும் அதே வருஷம்தான். அரசாங்க உதவி கிடையாது. எத்தனை பிள்ளை, எப்ப பிள்ளைங்கிறதைத் தம்பதிகள் முடிவு பண்ணணும், முக்கியமா சுமக்கிற பொம்பளை முடிவு பண்ணணும்கிறது அவர் கொள்கை.

அப்ப மாத்திரையும் கிடையாது, காப்பர் டியும் கிடையாது. ரப்பர் உறை, ரப்பர் மூடி மாதிரி சில சாதனங்கள்தான். கருத்தடை மாத்திரை கடைக்கு வந்ததே 1960-இல்தான். இன்னைக்கு நமக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாம கிடைக்குது. ஆணுறை, தினம் போடுற மாத்திரை, முதல் மூணு மாசம் வாரம் ரெண்டு முறையும் அப்புறம் வாரம் ஒருமுறையும் போடுற சாயா மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி, காப்பர் டி, ஆபரேஷன். சாதனம் இருக்கு. பயம்தான் போகல.

காப்பர் டி மேல ஏறி நெஞ்சுக்குப் போயிடும்னு சொல்லுவாங்க. கர்ப்பப்பை ஒரு மூடின பை. அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. முதல் சில மாசம் உதிரப்போக்கும் வலியும் கொஞ்சம் கூடலாம். சில பேருக்கு இடம் நகரலாம், தானா வெளிய வந்துடலாம். அதனால நர்ஸம்மா சொன்ன தேதியில காட்டிக்கணும். 380-ஏ வகை பத்து வருஷம் வரைக்கும் வேலை செய்யும். எடுத்துட்டா மறுபடி கர்ப்பம் தரிக்கலாம்.

மாத்திரை போட்டா அப்புறம் பிள்ளையே பொறக்காதுன்னு இன்னொரு பயம். மாத்திரையை நிறுத்தினா கருமுட்டை மறுபடி வரும். ஆனா ரத்தக் கொதிப்பு உள்ளவங்க, காலில் ரத்தம் உறைஞ்ச நோய் வந்தவங்க, ஆறு மாசத்துக்குள்ள கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தினம் போடுற மாத்திரையைத் தொடக் கூடாது. அந்தரா ஊசியை நிறுத்தினா கரு தரிக்க சில மாசம் தாமதம் ஆகும். அது இயல்பு, மலடு இல்ல.

வேலை போனது

கர்வே இதையெல்லாம் வெளிப்படையா பேசவும் எழுதவும் ஆரம்பிச்சதும் காலேஜ் நிர்வாகத்துக்குப் பிடிக்கல. ராஜினாமா செய்யச் சொல்லிட்டாங்க. அவர் கொள்கையை விடல, வேலையை விட்டார்.

வீட்டுக்குள்ள ஒரு முடிவும் எடுத்தார். அவரும் மனைவி மாலதியும் பிள்ளை பெத்துக்க வேண்டாம்னு சேர்ந்து தீர்மானிச்சாங்க. அதுக்காக ஆபரேஷன் செஞ்சுகிட்டது மனைவி இல்ல, கர்வே. ஊருக்குச் சொல்ற புத்தியை முதல்ல தன் உடம்புல செஞ்சு காட்டினார்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிக்கணும். 2019-21 வருஷத்துல அரசு எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, கல்யாணமான, பிள்ளை பெறுற வயசுப் பெண்களில் நூத்துக்கு 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செஞ்சவங்க. ஆம்பளைங்க செஞ்சுகிட்ட குடும்பம் ஆயிரத்துக்கு மூணுதான். பிரசவ வலியும் நமக்கு, கத்தியும் நமக்கு.

கேட்டா என்ன சொல்றாங்க? ஆம்பளைக்கு ஆபரேஷன் செஞ்சா பலம் போயிடும், மூட்டை தூக்க முடியாது, ஆண்மை போயிடும். உண்மை என்னன்னா, அந்த ஆபரேஷன்ல விந்தணு வர்ற ரெண்டு சின்னக் குழாயை மட்டும்தான் துண்டிச்சு அடைக்கிறாங்க. மீசை, குரல், பலம், ஆசை எல்லாத்துக்கும் காரணமான சத்து ரத்தத்துல நேரா கலக்குது. அது குழாய் வழியா போறது இல்ல. அதனால எதுவும் மாறாது. பொம்பளைங்களுக்கு வயித்தைத் திறக்கணும். ஆம்பளைங்களுக்கு வயித்தைத் தொடவே வேண்டாம், மரத்துப் போக ஊசி போட்டு சில நிமிஷத்துல முடிச்சு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். செஞ்ச உடனே பலன் வராது. குழாயில ஏற்கனவே உள்ள அணு தீர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஆணுறையோ வேற வழியோ வேணும். அப்புறம் பரிசோதனை செஞ்சு உறுதிப்படுத்திக்கணும்.

26 வருஷம் நடந்த பத்திரிகை

வேலை போன பிறகு, 1927 ஜூலை மாசம், கர்வே ஒரு மராத்திப் பத்திரிகை ஆரம்பிச்சார். பேர் சமாஜ் ஸ்வாஸ்த்யா. சமுதாய ஆரோக்கியம்னு அர்த்தம். கருத்தடை, கர்ப்பம், ஆண் பெண் உறவு, பால்வினை நோய் எல்லாத்தையும் சாதாரண ஜனங்களுக்குப் புரியுற மாதிரி எழுதினார். வாசகர்கள் யார்கிட்டயும் கேக்க முடியாத சந்தேகங்களைக் கடிதமா எழுதி அனுப்புவாங்க. அவர் பத்திரிகையிலேயே பதில் போடுவார். அசிங்கம்னு திட்டினவங்க நிறையப் பேர். லாபம் பார்த்து அவர் அதை நடத்தல.

அந்தக் கடிதம் எழுதினவங்க மாதிரி நம்மகிட்டயும் கேள்வி இருக்கு. அதுல சிலதுக்கு இன்னைக்கு மருத்துவம் சொல்ற பதிலை இங்கே எழுதுறேன்.

பொண்ணாப் பெத்துப் போடுறான்னு மருமகளைத் திட்டுறது நியாயமா? இல்லவே இல்ல. பொம்பளையோட கருமுட்டையில எக்ஸ் மட்டும்தான் இருக்கும். ஆம்பளையோட விந்தணுவில எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு. ஒய் சேர்ந்தா ஆண், எக்ஸ் சேர்ந்தா பெண். ஆணா பெண்ணாங்கிறதை அப்பாவோட அணுதான் தீர்மானிக்குது. அதையும் யாரும் வேணும்னு செய்யல.

பிள்ளை இல்லைன்னா குறை பொம்பளைகிட்டதானா? ஆம்பளைகிட்டயும் இருக்கலாம், ரெண்டு பேர்கிட்டயும் இருக்கலாம். கருத்தடை ஏதும் இல்லாம ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிக்கலைன்னா ரெண்டு பேருமே பரிசோதனைக்குப் போகணும். மனைவிக்கு 35 வயசு தாண்டியிருந்தா ஆறு மாசத்துலயே போகணும். ஆம்பளைக்குச் செய்ற விந்துப் பரிசோதனை ரொம்பச் சுலபம், செலவும் குறைவு. அதை முதல்ல செய்யாம பொண்டாட்டியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விடுறது எந்த ஊர் நியாயம்?

எந்த நாளில் கரு தரிக்கும்? தலைக்குத் தண்ணி ஊத்தின உடனேதான்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. 1920-களில் ஜப்பான் டாக்டர் ஒகினோவும் ஆஸ்திரியா டாக்டர் க்னாஸும் தனித்தனியா ஆராய்ஞ்சு சரியான கணக்கைச் சொன்னாங்க. அடுத்த மாதவிலக்கு வர்றதுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னாடி கருமுட்டை வெளிய வரும். முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுசு. விந்தணு உள்ளே அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். பிள்ளை வேணும்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு உதவும். பிள்ளை வேண்டாம்கிறவங்க இதை மட்டும் நம்பினா ஏமாந்து போகலாம். மாதவிலக்கு எல்லாருக்கும் எல்லா மாசமும் ஒரே மாதிரி வராதே.

பால் கொடுக்கிற வரைக்கும் கர்ப்பம் ஆகாதா? மூணு விஷயம் சேர்ந்து இருந்தாத்தான் நம்பலாம். குழந்தைக்கு ஆறு மாசம் ஆகியிருக்கக் கூடாது. ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கணும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இதுல ஒண்ணு மாறினாலும் வேற வழி பார்க்கணும். மாதவிலக்கு திரும்புறதுக்கு முன்னாடியே கருமுட்டை வந்துடும். அதனாலதான் சில பேர் தீட்டே காணாம மறுபடி கர்ப்பம் ஆயிடுறாங்க.

கருக் கலைஞ்சா அவ செஞ்ச வேலையாலயா? தண்ணிக் குடம் தூக்கினா, பழுத்த பப்பாளி தின்னா, யார் கண்ணோ பட்டுச்சுன்னு பழி சொல்லுவாங்க. நூறு கர்ப்பத்துல பத்து பதினஞ்சு முதல் மூணு மாசத்துல தானாவே கலையுது. அதுல பாதிக்கு மேல, கரு உருவாகும்போதே அதோட மரபணுவில வந்த கோளாறுதான் காரணம். அந்தப் பொண்ணு அழுதுகிட்டு இருக்கும்போது குத்தம் சொல்றது பாவம். பழுத்த பப்பாளி சாப்பிடலாம். பால் வடியுற காயைத்தான் தவிர்க்கணும். குங்குமப்பூ பிள்ளையைச் சிவப்பாக்காது.

நாள் தள்ளிப் போனா என்ன செய்யணும்? ஒரு வாரம் பார்த்துட்டு காலையில முதல் சிறுநீர்ல பரிசோதனை செஞ்சுக்கலாம். கர்ப்பம்னு தெரிஞ்சா 12 வாரத்துக்குள்ள கிராம சுகாதார செவிலியர்கிட்ட பதிவு செஞ்சுடணும். போலிக் அமில மாத்திரையைப் பிள்ளைக்குத் திட்டம் போடும்போதே ஆரம்பிக்கிறது நல்லது. குழந்தையோட மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படை முதல் நாலு வாரத்துலயே அமைஞ்சுடும், அப்ப நமக்குக் கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது. நாள் தள்ளிப் போயி அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையான வலி, உதிரம், மயக்கம் வந்தா ஒரு நிமிஷமும் வீட்டுல வச்சிருக்கக் கூடாது. கரு குழாயில தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

வேண்டாத கர்ப்பம்னா மெடிக்கல் கடையில ஆள் அனுப்பி மாத்திரை வாங்கிப் போடுறது சரியா? வேண்டவே வேண்டாம். கர்ப்பம் எத்தனை வாரம், எங்கே தங்கியிருக்குன்னு தெரியாம போட்டா உதிரம் நிக்காம உயிர் போகும். 1971-லேயே நம்ம நாட்டுல இதுக்குச் சட்டம் வந்தாச்சு. சட்டம் சொல்ற காரணங்களுக்காக, தகுதியுள்ள டாக்டர்கிட்ட, ஆஸ்பத்திரியில பாதுகாப்பா செஞ்சுக்கலாம். 18 வயசு முடிஞ்ச பெண்ணோட சம்மதம் மட்டும் போதும்.

கோர்ட்டில் நின்ற அம்பேத்கர்

இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினதுதான் கர்வே செஞ்ச குத்தமாப் போச்சு. ஆபாசமா எழுதுறார்னு அவர் மேல வழக்குப் போட்டாங்க. ஒரு தடவை தண்டனையா அபராதம் கட்டினார். மறுபடியும் எழுதினார், மறுபடியும் வழக்கு. 1934-இல் அந்த வழக்குல கர்வேக்காக வாதாட வந்த வக்கீல் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர். அவரே அவங்க வீட்டுல பதினாலாவது பிள்ளை. ஜனங்க கேக்குற கேள்விக்கு அறிவுபூர்வமா பதில் சொல்றது எப்படி ஆபாசம் ஆகும்கிறது அவர் வாதம். ஆனா கோர்ட்டு ஏத்துக்கல. கர்வேக்கு 200 ரூபா அபராதம். அந்தக் காலத்துல 200 ரூபா சின்னத் தொகை இல்ல.

அப்ப பெரிய பெரிய தலைவர்களே இதை ஏத்துக்கல. காந்தியடிகள் சாதனங்கள் வேண்டாம், மன அடக்கம்தான் வழின்னு சொன்னார். நம்ம தமிழ்நாட்டுல பெரியார் பெண்களோட விடுதலைக்காகவே கருத்தடை வேணும்னு அதே காலத்துல பேசியும் எழுதியும் வந்தார். 1938-இல் அம்பேத்கர் தயாரிச்ச கருத்தடைத் தீர்மானம் பம்பாய் சட்டசபைக்கு வந்து தோத்துப் போச்சு.

கடைசி இதழ்

கர்வே தோத்தும் நிறுத்தல. மாசா மாசம் பத்திரிகை வந்துகிட்டே இருந்தது. 1952-இல் இந்திய அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பிச்சுது. நாடு முழுசுக்கும் இப்படி ஒரு திட்டம் கொண்டு வந்த முதல் அரசாங்கம் நம்மளோடதுதான். எதுக்காக அவருக்கு வேலை போச்சோ, அதையே அரசாங்கம் செய்ய ஆரம்பிச்சதை அவர் உயிரோட பார்த்துட்டார். அடுத்த வருஷம், 1953 அக்டோபர் 14-ந் தேதி, 71 வயசுல காலமானார். அந்த நவம்பர் மாசத்தோட பத்திரிகையும் நின்னு போச்சு.

அவருக்குப் பின்னாடி ஒரு கெட்ட காலமும் வந்துச்சு. 1976-இல் நெருக்கடி நிலை நேரத்துல லட்சக்கணக்கான ஆம்பளைங்களுக்குக் கட்டாயப்படுத்தி ஆபரேஷன் செஞ்சாங்க. அந்தப் பயமும் கோபமும் இன்னும் மறையல. ஆம்பளைங்க ஒதுங்க ஒதுங்க, பாரம் முழுசும் பொம்பளைங்க மேல விழுந்துச்சு. கர்வே வழி கட்டாய வழி இல்ல. எடுத்துச் சொல்லு, புரிஞ்சுகிட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்கிற வழி.

சகோதரிகளே, இந்தப் பெரியவரை நினைக்க நாம மாலை போட வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு குழுக் கூட்டத்துக்காவது நம்ம கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு, சந்தேகத்தை வாய் விட்டுக் கேட்போம். கேக்க வெக்கமா இருந்தா பேர் போடாம சீட்டுல எழுதிப் போடுவோம். வருஷத்துல ஒரு கூட்டத்துக்கு வீட்டு ஆம்பளைங்களையும் உக்கார வைப்போம். கடன் வாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற மாதிரி, பிள்ளை விஷயத்துலயும் ரெண்டு பேரும் பொறுப்பு எடுத்துக்கணும். வயசுக்கு வந்த நம்ம பொண்ணுங்களுக்கு இதெல்லாம் நம்ம வாயாலேயே சொல்லிக் கொடுப்போம்.

வாழ்க மகளிர் ஒற்றுமை. வளர்க நம் கூட்டமைப்பு.